குட்டைக் கால், ஐந்து சுற்று, 340 நொடி

கேள்வி: டீச்சர், வணக்கம். எனக்கு 23 வயது, உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமம். உயரம் 147 செ.மீ., எடை 48 கிலோ. ரயில்வே குரூப் டி எழுதியிருக்கிறேன். உடல்தகுதித் தேர்வில் 1000 மீட்டரை 5 நிமிடம் 40 நொடிக்குள் ஓட வேண்டும். இதற்கு முன் ஓடியதே இல்லை, மூன்று வாரமாகத்தான் ஓடுகிறேன். எங்கள் ஊர்ப் பள்ளி மைதானம் ஒரு சுற்று 200 மீட்டர். ஐந்து சுற்றும் சேர்த்து 6 நிமிடம் 50 நொடி ஆகிறது. சுற்றுவாரியாக 55, 75, 90, 98, 92 நொடி. கூட ஓடும் பிள்ளைகள் எல்லாம் உயரம், அவர்கள் ஒரு எட்டு வைத்தால் நான் ரெண்டு எட்டு வைக்கிறேன். "எட்டி வை" என்கிறார்கள், வைத்தால் முன்னங்கால் எலும்பு வலிக்கிறது. மூன்றாம் சுற்றில் விலாவில் குத்துகிறது. அண்ணன் "வாத்து ஓடுற மாதிரி இருக்கு" என்கிறான். கம்பியில் தொங்கினால் உயரம் கூடுமாமே, உண்மையா? குட்டையாக இருப்பவர்கள் வேகத்தைக் கூட்ட என்னதான் செய்வது? இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.

பதில்: அம்மாடி, உன்னை 'நீங்கள்' என்று எழுத ஆரம்பித்து இரண்டாவது வரியிலேயே அடித்துவிட்டேன். முப்பது வருஷம் பி.டி. டீச்சராக இருந்தவளுக்கு 23 வயசுப் பிள்ளையை 'ங்க' போட்டுக் கூப்பிட வாய் வரவில்லை. கோவித்துக்கொள்ளாதே.

உனக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். எனக்கு வருகிற கடிதத்தில் பாதி "வேகமா ஓட என்ன சாப்பிடணும் டீச்சர்" என்றுதான் இருக்கும். நீ ஒருத்திதான் ஐந்து சுற்றுக்கும் தனித்தனியாக நேரம் எழுதி அனுப்பியிருக்கிறாய். உயரத்தை எழுதாமல் அந்த ஐந்து எண்களை மட்டும் அனுப்பியிருந்தாலும் பெரும்பாலும் இதே பதில்தான் வந்திருக்கும். அந்த எண்களுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் உயரத்தைப் பேசி முடித்துவிடுவோம், இல்லாவிட்டால் நான் சொல்லும் வேறெதுவும் உன் காதில் ஏறாது.

கம்பியில் தொங்கினால் உயரம் கூடாது. கால் எலும்பு வளர்வது அதன் முனையில் இருக்கும் குருத்தெலும்புத் தகட்டில், பெண் பிள்ளைகளுக்கு அது பதின்ம வயதிலேயே மூடிவிடும். 23 வயதில் தொங்கினால் முதுகு கொஞ்சம் இழுபட்டு மயிரிழை கூடினமாதிரி இருக்கும், சாயங்காலத்துக்குள் பழையபடி ஆகிவிடும். கைப்பிடி பலமாகும், அதற்காக வேண்டுமானால் தொங்கு. உயரம் கூட்டும் பவுடர் என்று யாராவது டப்பாவைக் காட்டினால் அந்தக் காசுக்கு நிலக்கடலை வாங்கிச் சாப்பிடு.

சரி, கணக்குக்கு வருவோம். நிமிடத்துக்கு எத்தனை எட்டு வைக்கிறாய் என்று நீ எழுதவில்லை. புதிதாக ஓடுகிறவர்கள் பெரும்பாலும் 160 பக்கம் வைப்பார்கள், அதையே எடுத்துக்கொள்கிறேன். 6 நிமிடம் 50 நொடி என்றால் 410 நொடி, அதில் ஏறக்குறைய 1,090 எட்டு, ஒரு எட்டு 91 சென்டிமீட்டர் வருகிறது. இப்போது உனக்கு வேண்டியது 340 நொடி. நிமிடத்துக்கு 170 எட்டு வைத்தால் 340 நொடியில் 963 எட்டு, ஒவ்வொன்றும் 104 சென்டிமீட்டர். உன்கூட ஓடும் ஒரு பிள்ளை 170 செ.மீ. உயரம் என்று வை, அதே 340 நொடியில் நிமிடத்துக்கு 160 எட்டு வைத்து ஓடினால் அவள் எட்டு 110 சென்டிமீட்டர். பார்த்தாயா, 23 செ.மீ. உயர வித்தியாசம் எட்டில் 6 சென்டிமீட்டராகச் சுருங்கிவிட்டது. ஒரு சுண்டுவிரல் நீளம். அவளுக்கு ஒன்று உனக்கு ரெண்டு என்பதெல்லாம் பக்கத்தில் ஓடும்போது மனசு போடுகிற கணக்கு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நடக்கும்போதுதான் கால் நீளம் எட்டைத் தீர்மானிக்கும், ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டுமே. ஓட்டத்தில் ஒவ்வொரு எட்டுக்கும் நடுவில் இரண்டு காலும் தரையை விட்டுவிடுகின்றன, நீ காற்றில் இருக்கிறாய். காற்றில் எவ்வளவு தூரம் போவாய் என்பது தரையை எவ்வளவு பலமாக, எவ்வளவு சட்டென்று உதைத்தாய் என்பதைப் பொறுத்தது. ஜமைக்காவின் ஷெல்லி-ஆன் ஃபிரேசர்-பிரைஸ் உன்னைவிட ஐந்து சென்டிமீட்டர்தான் உயரம், 152 செ.மீ. அந்த அம்மா 2008லும் 2012லும் ஒலிம்பிக் 100 மீட்டரில் தங்கம் வாங்கியது, குழந்தை பெற்ற பிறகு 2021ல் 10.60 நொடியில் ஓடியது. 195 செ.மீ. உசேன் போல்ட் 2009ல் 41 எட்டில் 100 மீட்டரைத் தாண்டிய கதையைத்தான் நம் ஊரில் எல்லோரும் சொல்வார்கள், இந்த அம்மா கதையைச் சொல்ல ஆள் இல்லை. தூர ஓட்டத்தில் பார்த்தால் எத்தியோப்பியாவின் ஹைலே கெப்ரசெலாசி 165 செ.மீ.தான். 1996லும் 2000லும் 10,000 மீட்டர் ஒலிம்பிக் தங்கம் அவருக்கு. நான் பொய் சொல்ல விரும்பவில்லை, உலகத் தரத்தில் நூறு மீட்டர் ஓடும்போது நீளமான கால் கொஞ்சம் உதவும்தான். ஆனால் நீ ஓடப்போவது கிலோமீட்டருக்கு 5.40. அந்த வேகத்தில் உயரம் ஒரு பேச்சே இல்லை. சொல்லப்போனால் நம் மதுரை வெயிலில் சின்ன உடம்புக்குத்தான் லாபம். எடை குறைவு என்றால் உண்டாகும் சூடும் குறைவு, எடைக்குத் தோல் பரப்பு அதிகம் என்பதால் அந்தச் சூடு சீக்கிரம் வெளியே போகும்.

உயரம் முடிந்தது. இப்போது உன் ஐந்து எண்கள்.

55. இதுதான் உன் வியாதி. முதல் சுற்றை 55 நொடியில் ஓடியிருக்கிறாய். அதே வேகத்தில் கடைசி வரை போனால் 1000 மீட்டர் 4 நிமிடம் 35 நொடியில் முடியும். ஆண்களுக்கே 4 நிமிடம் 15 நொடிதான் கேட்கிறார்கள்! மூன்று வாரம் ஓடிய பிள்ளை ஆம்பளைப் பையன்களின் தேர்வுக்குப் புறப்பட்டமாதிரிப் புறப்பட்டு, மூன்றாவது சுற்றில் விலாவைப் பிடித்துக்கொண்டு, நாலாவது சுற்றில் 98 நொடி, அதாவது பாதி நடை, அப்புறம் கடைசிச் சுற்றில் ரோஷம் வந்து 92. ஏன் அப்படி ஓடினாய் என்று எனக்குத் தெரியும். கூட ஓடும் உயரப் பிள்ளைகள் முன்னால் போய்விடுவார்களோ என்ற பயம். குட்டையாக இருப்பவர்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு, எனக்கும் இருந்தது, நானும் ஐந்தடியைத் தொடாதவள்தான்.

உடம்பில் நடப்பது இதுதான். ஓட ஆரம்பித்தவுடன் மூச்சும் இதயமும் உடனே முழு வேகத்துக்கு வந்துவிடாது, தசைக்குத் தேவையான ஆக்சிஜன் போய்ச் சேர இரண்டு நிமிடம் போல ஆகும். அதுவரை தசை கைவசம் இருக்கும் சேமிப்பில் ஓடுகிறது. நீ 55 நொடியில் ஒரு சுற்று ஓடியபோது அந்தச் சேமிப்பு மொத்தத்தையும் முதல் நிமிடத்திலேயே செலவழித்துவிட்டாய். மாசம் பிறந்த ஒண்ணாம் தேதி சம்பளத்தைத் தீபாவளித் துணிக்குப் போட்டுவிட்டு மிச்ச இருபத்தொன்பது நாளும் கடன் வாங்கிச் சாப்பிடுகிற கதை. அந்தக் கடன்தான் இரண்டாம் சுற்றிலேயே காலில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினமாதிரி கனத்தது.

தேர்வு கேட்பது ஒரு சுற்றுக்கு 68 நொடி. ஐந்து சுற்றும் 68. உனக்கு 55ல் ஓட முடிகிறது என்றால் 68 உன் காலுக்கு எளிது, அதை நிறுத்தாமல் ஐந்து தரம் தாங்க மூச்சுக்குத்தான் பழக்கம் இல்லை. ஆகவே வேகம் இல்லாத பிள்ளை என்று உன்னை நீயே சொல்லிக்கொள்ளாதே. இந்த வாரம் ஒரு சோதனை செய். முதல் சுற்றைக் கடிகாரத்தைப் பார்த்து 78 நொடியில் ஓடு, அண்ணன் சிரித்தாலும் சரி, ஆமை முந்தினாலும் சரி. இரண்டாவதும் 78. மூன்றாவதிலிருந்து உனக்கு முடிந்தபடி ஓடு. வேறெந்தப் பயிற்சியும் இல்லாமல் இந்த ஒரு மாற்றத்திலேயே இருபது இருபத்தைந்து நொடி குறைந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது 'எட்டி வை'. இதைச் சொல்பவர்களை நான் திட்ட முடியாது, நானே பத்து வருஷம் விசிலும் கையுமாக மைதானத்து ஓரத்தில் நின்று "எட்டி வைம்மா, எட்டி வை" என்று கத்தினவள். ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளை, சின்ன உருவம், நான் கத்தக் கத்தக் காலை முன்னால் நீட்டி நீட்டி ஓடியது. மண்டலப் போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது முன்னங்கால் வீங்கி, அந்த வருஷம் அது பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கைதட்டியது. என் தப்பு. அதற்கப்புறம்தான் நான் காலைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

உன் அண்ணனைப் பக்கவாட்டில் நிற்கவைத்து, நீ ஓடிக் கடந்து போவதை மொபைலில் ஸ்லோ மோஷனில் எடுக்கச் சொல். பாதம் தரையைத் தொடும் நொடியில் நிறுத்திப் பார். முழங்கால் விறைப்பாக நீண்டு, குதிகால் உன் இடுப்புக்கு ஒரு முழம் முன்னால் போய்க் குத்துகிறதா? அப்படியென்றால் ஒவ்வொரு எட்டிலும் நீயே பிரேக் போடுகிறாய். ஓடும்போது ஒற்றைக் கால் மேல் உடல் எடையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இறங்கும், உன் 48 கிலோவுக்கு ஒவ்வொரு எட்டும் ஒரு மூட்டை அரிசி. அதை வளையாத காலில் வாங்கினால் முன்னங்கால் எலும்பு வலிக்காமல் என்ன செய்யும். பாதம் இடுப்புக்குக் கீழே, அல்லது ரொம்பக் கொஞ்சம் முன்னால், முழங்கால் லேசாக மடங்கி விழ வேண்டும். எட்டு நீளமாவது பின்பக்கம் நடக்கவேண்டிய காரியம், பின்னங்காலால் தரையைத் தள்ளிவிட்டுப் போகும்போது.

இதை யோசித்து யோசித்துச் சரிசெய்ய முடியாது, ஓடும்போது முழங்காலையும் கணுக்காலையும் நினைத்தால் கால் பின்னிக்கொள்ளும். சுலபமான வழி ஒன்றுதான், எட்டு எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்டு. வலது கால் விழுவதை மட்டும் 30 நொடி எண்ணு. 40 வந்தால் நிமிடத்துக்கு 160. அதை 42, 43 ஆக்கு, அதே வேகத்தில், எட்டைச் சின்னதாக்கி. கால் தானாக உடம்புக்குக் கீழே வந்துவிடும், முழங்காலுக்கும் முன்னங்காலுக்கும் சுமை குறையும். மொபைலில் மெட்ரோனோம் என்று தேடினால், சீராக டிக் டிக் என்று தாளம் தட்டும் செயலி இலவசமாகக் கிடைக்கும், 170ல் வைத்து முதலில் நின்ற இடத்தில் ஓடிப்பார். இணையத்தில் 180 வைத்தே ஆகவேண்டும் என்று எழுதியிருப்பார்கள், கண்டுகொள்ளாதே. அது 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஜாக் டேனியல்ஸ் என்ற பயிற்சியாளர் ஓடுகிறவர்களின் எட்டை எண்ணிப் பார்த்ததிலிருந்து பரவிய எண். ஒலிம்பிக் வேகத்தில் ஓடுகிறவர்களின் கணக்கு அது, பள்ளி மைதானத்தில் மூன்றாவது வாரம் ஓடுகிற பிள்ளைக்குச் சட்டம் ஆகாது. இன்னொரு சோதனை காது. தொப் தொப் என்று சத்தம் கேட்டால் குத்தி ஓடுகிறாய். சத்தம் குறையக் குறைய ஓட்டம் சரியாகிறது.

கையையும் கவனி. குட்டையாக இருப்பவர்கள் அவசரத்தில் கையை நெஞ்சுக்குக் குறுக்கே ஆட்டுவார்கள், இடுப்பு ரெண்டு பக்கமும் ஆடும், அதைத்தான் உன் அண்ணன் வாத்து என்கிறான். முழங்கையை மடக்கி முன்னும் பின்னும் ஆட்டு. இதற்கு மேல் கையைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இனி மூன்று மாதம் எப்படி ஓடுவது. வாரம் நாலு நாள் போதும், ஏழு நாளும் ஓடி முன்னங்காலைக் கெடுத்துக்கொள்ளாதே. முதல் மூன்று வாரம் வேகம் என்ற சொல்லே வேண்டாம். 2 நிமிடம் மெதுவோட்டம், 1 நிமிடம் நடை, இப்படி 25 நிமிடம். மெதுவோட்டம் என்றால் பக்கத்தில் வருகிறவரிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே போகிற வேகம், பேச்சு மூச்சிரைப்பில் அறுந்தால் நீ வேகமாகப் போகிறாய். எல்லாப் பிள்ளைகளும் இந்தக் கட்டத்தில்தான் என்னோடு சண்டை போடுவார்கள், 'வேகமா ஓடக் கேட்டா மெதுவா ஓடச் சொல்றீங்களே' என்று. ஆறு நிமிடத்துக்குப் பக்கத்தில் போகும் ஓட்டம் பெரும்பாலும் மூச்சை நம்பி ஓடும் ஓட்டம், மூச்சு வளர்வது இந்த மெதுவோட்டத்தில்தான். மூன்றாம் வார முடிவில் நடக்காமல் 20 நிமிடம் ஓட வந்துவிட்டால் நீ பாதிக் கிணறு தாண்டியாச்சு. இந்தக் கிணற்றை ரெண்டு தடவையாகத் தாண்டலாம், பயப்படாதே.

நாலாவது வாரத்திலிருந்து நாலு நாளில் ஒரு நாள் மட்டும் கடிகாரம். பத்து நிமிடம் மெதுவாக ஓடிவிட்டு, 200 மீட்டரை 66 முதல் 68 நொடிக்குள் ஓடு, 2 நிமிடம் நட, மறுபடி ஓடு, ஆறு தடவை. இங்கே ஒரு நிபந்தனை உண்டு, முதல் தடவை 60ல் ஓடினால் அன்றைக்குத் தோற்றாய் என்று அர்த்தம். 67, 67, 68, 67 என்று வர வேண்டும். கடிகாரத்தைப் பார்க்காமலே 'இது 67 வேகம்' என்று கால் சொல்ல ஆரம்பிக்கும், அதற்காகத்தான் இந்தப் பயிற்சி. எட்டாவது வாரம் வாக்கில் 400 மீட்டரை 2 நிமிடம் 12 நொடி பக்கம், மூன்று தடவை, நடுவில் 3 நிமிட நடை. மாற்று வாரத்தில் 600 ஓடி, 3 நிமிடம் நடந்து, 400. முழு 1000 மீட்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் கடிகாரம் வைத்து ஓடாதே. தினமும் தேர்வு எழுதினால் எப்போது படிப்பது?

குறி 5.40 என்று வைக்காதே, சுற்றுக்கு 65 நொடி, மொத்தம் 5 நிமிடம் 25 நொடி என்று வை. தேர்வு நாளில் கூட்டம், பதற்றம், வெளிப்பக்கமாகச் சுற்றி ஓடுவது என்று பத்துப் பதினைந்து நொடி எங்கேயாவது போகும். கடைசி வாரம் பாதி தூரம் மட்டும் ஓடு.

இன்னொரு நாள் கண்மாய்க்குப் போ. உசிலம்பட்டிப் பக்கம் கண்மாய் இல்லாத ஊர் ஏது. கரை மேல் ஏறும் சரிவு இருக்கிறதே, அதுதான் உனக்கு ஜிம். கீழேயிருந்து மேலே 8 முதல் 10 நொடி முழுப் பலத்தோடு ஓடு, நடந்து இறங்கு, மூச்சு முழுதாக அடங்கட்டும், மறுபடி. முதலில் நாலு தடவை, வாரத்துக்கு ஒன்று கூட்டி எட்டுத் தடவை வரை. மேட்டில் காலை முன்னால் நீட்டி ஓடவே முடியாது, தரையைப் பின்னால் தள்ளித்தான் ஆகணும். நான் பத்து நிமிடம் வாயால் விளக்குவதைச் சரிவு ஒரே ஏற்றத்தில் சொல்லிக்கொடுத்துவிடும். முன்னங்கால் வலி முழுதாகப் போன பிறகுதான் இது. கருவேல முள் கிடக்கிறதா என்று முதலில் ஒரு தடவை நடந்து பார்த்துவிடு.

வீட்டில், ஓடாத நாட்களில், வாசற்படி விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலை மெதுவாக ஏற்றி இறக்கு, 15 தடவை, மூன்று முறை, பழகினபின் ஒற்றைக் காலில். பிள்ளையாருக்குப் போடுகிற தோப்புக்கரணத்தை 12 தடவை மூன்று முறை போடு. மல்லாக்கப் படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்கி நிறுத்துவது, 12 தடவை. பத்து நிமிட வேலை. காலில் மணல் பை கட்டிக்கொண்டு ஓடச் சொல்வார்கள், வேண்டாம், அது எட்டையும் கெடுத்து முட்டியையும் கெடுக்கும்.

அதே உடல்தகுதித் தேர்வில் வரும் 20 கிலோ சுமையை மறந்துவிடாதே. 20 கிலோவைத் தூக்கிக்கொண்டு 100 மீட்டரை 2 நிமிடத்துக்குள், கீழே வைக்காமல். இரண்டு நிமிடம் என்பது சாதாரண நடைதான், ஓடத் தேவையே இல்லை, ஆனால் நடுவில் இறக்கினால் போச்சு, ஒரே வாய்ப்பு. சாக்கில் 20 கிலோ மண்ணைக் கட்டி, முட்டியை மடக்கித் தூக்கி, வாரம் ஒரு தடவை நடந்து பழகு. ஓட்டமும் அப்படித்தான், ஒரே வாய்ப்பு. இன்னொன்று தெரியுமா, இந்த உடல்தகுதித் தேர்வு தகுதிக்கு மட்டும்தான். 5.38ல் வந்தவளுக்கும் 4.30ல் வந்தவளுக்கும் ஒரே பலன்தான், கூடுதல் மார்க் கிடையாது. உயரப் பிள்ளைகள் முன்னால் போனால் போகட்டும், உனக்குப் போட்டி கடிகாரத்தோடுதான். உன் அறிவிப்பில் இந்த நேரமும் எடையும் எப்படி இருக்கிறது என்று நீயே ஒரு தடவை படித்துக்கொள்.

இப்போது பெண் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பதும் யாரும் எழுதாததுமான விஷயம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஹீமோகுளோபின் பார். பெண்களுக்கு 12க்குக் கீழே என்றால் ரத்தசோகை. ரத்தத்தில் ஆக்சிஜனைத் தூக்கிக்கொண்டு போவதே ஹீமோகுளோபின்தான், அது குறைந்தால் நான் மேலே எழுதிய அத்தனையும் வீண், மூன்றாவது சுற்றில் மூச்சு வாங்கத்தான் செய்யும். நன்றாகப் பயிற்சி எடுத்தும் முன்னேறாத பிள்ளைகள் சிலரை அனுப்பிப் பார்த்தால் 8, 9 என்று சீட்டோடு வருவார்கள். குறைந்திருந்தால் மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடு, கீரை மட்டும் போதாது. முருங்கைக்கீரை, பயறு, முடிந்தால் ஈரல், அதோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதே, இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. மாதவிடாய் நாட்களில் உடம்பு கேட்டால் மெதுவாக ஓடலாம், கேட்காவிட்டால் இரு, தப்பில்லை. இறுக்கமான ஸ்போர்ட்ஸ் பிரா ஒன்று வாங்கு, ஷூவுக்கு முன்னால் அதை வாங்கு. துப்பட்டா வீட்டிலேயே இருக்கட்டும், டி-ஷர்ட்டும் டிராக் பேண்ட்டும் போட்டுக்கொள். ஊர் ரெண்டு நாள் பார்க்கும், மூன்றாவது நாள் வேறு வேலை பார்க்கும்.

ஷூ விலை அதிகமாக இருக்கவேண்டியதில்லை. நின்றுபார்த்தால் பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம், குதிகால் வழுக்காமல், வளைத்தால் முன்பாதத்தில் வளைய வேண்டும், அவ்வளவுதான். பள்ளிக்கூடக் கேன்வாஸ் ஷூ தேய்ந்து தட்டையாகியிருந்தால் அதுவும் உன் முன்னங்கால் வலிக்கு ஒரு காரணம். நம் சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி பாட்டி வளர்ப்பில் வளர்ந்து, ஆரம்பத்தில் வெறுங்காலோடு போட்டிகளில் ஓடி, 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 கலப்புத் தொடரோட்டம் வரை போனவர். அதைச் சொல்லி 'ஷூ எதுக்கு' என்று சிலர் கேட்பார்கள். அவருக்கு அப்போது ஷூ வாங்க வழியில்லை, அதனால் வெறுங்காலோடு ஓடினார், யாரும் விரும்பி எடுத்துக்கொண்ட பயிற்சி முறை இல்லை அது.

வலியைப்பற்றி ஒரு எச்சரிக்கை. முன்னங்கால் எலும்பின் உள்பக்க ஓரமாக ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்து, ஓடி உடம்பு சூடானதும் குறைந்தால், ஒரு வாரம் ஓட்டத்தைப் பாதியாக்கி, மண் தரையில் ஓடி, மேலே சொன்னபடி எட்டைச் சின்னதாக்கினால் பெரும்பாலும் போய்விடும். ஒரு விரலால் தொட்டு 'இங்கேதான்' என்று காட்டமுடிகிற ஒரே புள்ளியில் வலித்தால், ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தால், ஒற்றைக் காலில் குதித்தால் உயிர் போனால், ஓடுவதை அன்றைக்கே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பார். எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம், அதோடு ஓடினால் மூன்று மாதம் மொத்தமும் போகும்.

விலாக்குத்து பெரிய விஷயம் இல்லை. ஓடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் வயிறு நிறையச் சாப்பிடாதே, சொம்பு நிறையத் தண்ணீரையும் ஒரே மடக்கில் குடிக்காதே. குத்தினால் வேகத்தைக் குறைத்து மூச்சை நீளமாக வெளியே விடு. முதல் சுற்றை அடக்கி ஓட ஆரம்பித்ததும் பெரும்பாலும் அதுவே காணாமல் போகும். காலையில் ஐந்தரைக்கு ஓடு, பாதி வாழைப்பழம் போதும். நாய்க்குப் பயந்து சாயங்காலம் ஓடுகிறவளாக இருந்தால் பங்குனி, சித்திரையில் வெயில் இறங்கி ஆறு மணி ஆகட்டும்.

ஒரு தடவையாவது பஸ் ஏறி மதுரை ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியத்துக்கு வா, 400 மீட்டர் சிந்தெடிக் டிராக்கில் ஓடிப்பார். 1000 மீட்டர் அங்கே இரண்டரைச் சுற்று. 200ல் திரும்பித் திரும்பி ஓடிய கண்ணுக்கு அந்தச் சுற்று முடியவே முடியாதமாதிரித் தெரியும், தேர்வு நாளில் முதன்முதலாக அதைப் பார்த்து மிரளக்கூடாது. ஒரு சுற்று 2 நிமிடம் 10 நொடி, இரண்டு சுற்று 4.20, மிச்சம் அரைச் சுற்றுக்கு 65 நொடி. உள்பக்கக் கோட்டை ஒட்டி ஓடு, விசில் அடித்ததும் கூட்டம் பாய்ந்து போகும், முதல் 200 மீட்டரில் நீ கடைசியில் இருந்தாலும் இருப்பாய். அங்கே பல்லைக் கடித்துக்கொண்டு உன் 65லேயே இரு. மூன்றாவது நிமிடத்திலிருந்து ஒவ்வொருத்தியாக உன் பக்கம் வருவாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த 78 நொடிச் சோதனையை ஓடு. மொபைலை அண்ணன் கையில் கொடுத்து, ஒவ்வொரு சுற்றிலும் நேரத்தைச் சத்தமாகச் சொல்லச் சொல், வாத்து கீத்து என்று பேசுகிறவனுக்கு அந்த வேலை சரியாக இருக்கும். ஐந்து எண்களையும் எழுதி அனுப்பு, கூடவே 30 நொடியில் வலது கால் எத்தனை தடவை விழுந்தது என்பதையும் ஹீமோகுளோபின் சீட்டில் என்ன போட்டிருக்கிறது என்பதையும்.